கூழைக்கடாவின் முறைப்பு

மியூசியத்தின் பறவைக் கூடத்தில் நின்ற கூழைக்கடா வருவோர் போவோரையெல்லாம் முறைத்துக்கொண்டே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டது. மீன் பிடிக்கத் தாடையில் பையோடு பிறந்த பெரிய நீர்ப்பறவை அது, யாரையும் முறைக்க அதற்கு ஒரு காரணமும் கிடையாது. எதிர்ப்பெட்டியில் காட்டுக்கிளை ஒன்றைக் காலால் பற்றி உட்கார்ந்திருந்த குடுமிப் பருந்தோ, மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்த குமாஸ்தாவைப் போல உலகத்தையே மன்னித்துவிட்டிருந்தது. இரண்டுக்கும் கண் மாறிப்போனதுதான் விஷயம். பருந்துக்கு வைத்திருக்க வேண்டிய எரிமஞ்சள் கண்ணாடிக் கண் கூழைக்கடாவுக்குப் போய்விட்டது. கூழைக்கடாவின் வெளிறிய கண் பருந்துக்கு வந்துவிட்டது.

அந்தக் கூடத்தில் சாயம் தீட்டும் வேலையில் ஒருத்தி இருந்தாள்; கண்ணை மாற்றி வைத்தவர் அவளுடைய கணவர். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், அவரும் அதையேதான் சொன்னார். அங்கே செத்த பறவைகளின் தோலுக்குள் பஞ்சடைத்துப் பாடம் செய்கிற வேலை அவருக்கு. 'கண்ணுமாத்தி' என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கேட் வாட்ச்மேனில் தொடங்கித் தெருமுனை டீக்கடைக்காரர் வரை அவரை வேறு பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள், கொஞ்சல் வந்தாலும் அதேதான்.

அவர் ஓய்வு பெற்றார். பிறகு சர்க்கரை வியாதி அவருடைய பார்வையைக் கொண்டுபோனது. அவள் இன்னும் வேலையில் இருந்தாள். பாடம் செய்த பறவைகளின் அலகும் காலும் வெளுத்துக்கொண்டே போகும், அவற்றுக்குச் சாயம் தீட்டுவது அவள் வேலை.

கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் அந்த நாட்கள் வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கும். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் மதியச் சாப்பாட்டை இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவர் பருந்துக் கட்சி, அவள் கூழைக்கடாக் கட்சி.

"உன் பறவை பையைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட் போகத்தான் லாயக்கு."

"உங்க பறவை மட்டும் என்னவாம்? ஒரு அணிலுக்காக நாள் பூரா இலைக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கும். இதுக்குப் பேரு வீரமா?"

"அது பொறுமை. உனக்குப் புரியாது."

எவ்வளவு சிரித்திருப்பார்கள்.

புதிதாக வந்த அதிகாரி சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு. இரண்டு பறவையையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, நீந்தும் காலுக்கும் பிடிக்கும் காலுக்கும் என்ன வித்தியாசம், அள்ளும் அலகுக்கும் கிழிக்கும் அலகுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டுக் காட்டப்போகிறாள். கண்களையும் சரிசெய்யச் சொன்னாள். அதுவரை சரி. பக்கத்தில் வைக்க ஒரு பலகையும் எழுதியிருந்தாள். 'ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால்' என்று தொடங்கி 'கண்ணுமாத்தி' என்ற பட்டப்பெயரில் முடிந்தது அது.

"மேடம், அந்த வரி வேணாமே," என்றாள் அவள்.

"ஜனங்களுக்கு இந்த மாதிரி கதைதான்க்கா பிடிக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

எப்படித் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? கூடம் முழுக்க நிற்கிற பறவைகளில் பாதிக்கு மேல் அந்த மனிதர் கைபட்டவை. ஒன்றின் மீதும் அவர் பெயர் இல்லை. எழுதப்போகிற ஒரே பலகையில் கவனக்குறைவு என்றா எழுதுவது? பார்வை போன மனிதருக்கு இந்த வயதில் இது தேவையா? அந்தக் கோபத்தோடுதான் வேலையில் உட்கார்ந்தாள்.

ஈரப்பஞ்சு வைத்து இமைத்தோலை ஊறவிட்டு, நாலு கண்ணையும் நோகாமல் எடுத்தாள். ஜோடி ஜோடியாக இரண்டு சின்ன டப்பாவில் போட்டு, குடுமிப் பருந்தின் கண்ணுக்குக் 'கு' என்றும் கூழைக்கடாவின் கண்ணுக்குக் 'கூ' என்றும் மேலே எழுதினாள். அவள் கையெழுத்துக்கு ஆபீஸில் நல்ல பெயர், ஒவ்வொரு எழுத்தும் கடைசியில் ஒரு சுழி சுழித்துக்கொண்டுதான் நிற்கும். "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதும்மா, அதான் என்கிட்ட வந்து மாட்டிக்கிட்டே," என்பார் அவர்.

அதிகாரி வந்து டப்பாக்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அக்கா, இதுல எது பருந்து? ரெண்டுலயும் 'கூ'ன்னுல்ல இருக்கு?"

"இல்ல மேடம், இது 'கு'. வால் கொஞ்சம் நீண்டு..."

பாதியில் நின்றுவிட்டாள்.

முப்பது வருடத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. மறுநாள் பறவைக் கூடத்துக்குத் திறப்பு விழா. அவர் விரலெல்லாம் மெழுகு. "தீப்பெட்டில நீயே பேர் எழுதி வைம்மா," என்றார். கண்களைப் போட்டிருந்த இரண்டு தீப்பெட்டியிலும் 'கு', 'கூ' என்று அவள்தான் எழுதினாள். காலையில் பழைய அதிகாரி, "யார் செஞ்ச வேலை இது?" என்று குதித்தபோது, அவர் முன்னால் வந்து, "நான்தான் சார், கண்ணு மாத்தி வெச்சுட்டேன்," என்று இளித்தார். அவள் பின்னால் நின்று பரிதாபப்பட்டாள். அந்தப் பரிதாபத்தில்தான் முதல் முறையாக அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "ஏங்க, தீப்பெட்டில எழுதினது நான்தானே?"

கட்டிலில் இருந்தவர் ரேடியோவைக் குறைத்தார். "எந்தத் தீப்பெட்டி?"

"நடிக்காதீங்க."

"எழுத்தைத் திரும்பப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள கண்ணைச் சுத்தி மெழுகு இறுகிடுச்சு." அவர் சிரித்தார். "நீ வந்து பத்து நாள்கூட ஆகல. அந்த ஆளு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

"கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? நானும் சேர்ந்துல்ல உங்களக் கிண்டல் பண்ணேன்."

"நீ கிண்டல் பண்றது நல்லாத்தானே இருந்துச்சு."

அவள் அழுதாள். அவரை விட்டுத் தள்ளி நின்றுதான் அழுதாள்.

மறுநாள் காலையில் எல்லார் எதிரிலும் உண்மையைப் போட்டு உடைத்தாள். அதிகாரி மலைத்துப்போய்ப் பலகையை மாற்றினாள். 'பெயர் எழுதியவரின் கையெழுத்தால் வந்த குழப்பம்' என்று எழுதி, கீழே அவள் பெயரைப் போட்டாள். பறவைகளைப் பாடம் செய்தவர் என்று அவருடைய பெயர் தனி வரியில் ஏறியது. வேலை விட்டுக் கிளம்பும்போது வாட்ச்மேன், "என்ன கண்ணுமாத்தி அக்கா, கிளம்பியாச்சா?" என்றார். அவளுக்கு நடை துள்ளியது.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னாள். அவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் நடுவில் அடங்கிப்போனார்.

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கு என்ன?"

"தெருவுல போறவன் அந்தப் பேரைச் சொல்லித்தான் நிப்பான். அவன் கூப்பிடுற விதத்தை வெச்சுத்தான் யாருன்னு எனக்குத் தெரியும். இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் இதை யோசிக்கவே இல்லை. மரியாதையை மீட்டுக் கொடுக்கிறேன் என்று கிளம்பி, இருட்டில் அவர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி, அதற்குப் பிறகு வீட்டில் யாரும் புழங்காத அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பழக்கமில்லாததால் அவர் உடனே திரும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் "ம்?" என்றார்.