கூடுதலாக ஒரு யகரம்

யாரையும் லேசில் நம்பக் கூடாது என்பது என் கட்சி. கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு ஒலியியல் நடத்துகிறேன். ஒரு சொல்லைக் கேட்டு, அதன் எழுத்தை மறந்துவிட்டு, காதில் என்ன விழுந்ததோ அதை மட்டும் ஒலிக்குறிகளில் எழுத வேண்டும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு குறி, அவ்வளவுதான் பாடம். நம் பிள்ளைகளோ அகராதியில் இருப்பதை மனப்பாடம் செய்துவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். காது இருப்பது கம்மல் மாட்டத்தான் என்று நினைப்பு.

இந்த வருடம் விடுவேனா? எந்த அகராதியிலும் இல்லாத, அர்த்தமே இல்லாத சொற்களை நானே உருவாக்கினேன். எட்லம், எஃப்ரிக், ஸ்னாட் என்று வாய்க்கு வந்ததெல்லாம். அவற்றுக்கான விடைத்தாளைச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டு பீரோவில் வைத்தேன். வீட்டில் எல்லாரும் வெளியே போன நேரம் பார்த்து, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் குரலிலேயே போனில் பதிவு செய்தேன். எங்கள் துறைத்தலைவர் திருநாவுக்கரசு சாருக்குக்கூட மூச்சு விடவில்லை. அவரிடமும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது.

தேர்வன்று ஸ்பீக்கரில் பதிவு ஓடியது. நான் அதைக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த சொற்கள்தானே! என் கண் முழுக்கப் பிள்ளைகள் கையிலும் கழுத்திலும் இருந்தது. நடுவில் யாரோ, "மேடம், ஒரு வார்த்த கேக்கல" என்றார்கள். "காது இருந்தா கேக்கும், வாய மூடு" என்று ஒரு அதட்டு அதட்டினேன்.

தாள்களைத் திருத்தியபோது எரிச்சல்தான் வந்தது. வகுப்பில் பாதி கிறுக்கல். ஒரு சொல்லை அத்தனை பேரும் எழுதாமல் விட்டிருந்தார்கள், ஒருவனைத் தவிர. அவன் கார்த்திகேசன், என் கணவரின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி, என்னோடு பஸ் ஏறி வந்து படிக்கிறவன். அவன் தாளில் எல்லாமே சரி. நம்ம வீட்டுப் பிள்ளைக்காவது காது இருக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

அப்புறம்தான் வெண்மதி, ராபர்ட் இருவரின் தாள்களும் அடுத்தடுத்து வந்தன. எகரத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லிலும் இருவரும் முன்னால் ஒரு யகரக் குறியைச் சேர்த்திருந்தார்கள். ஒரே தப்பு, ஒரே இடங்களில், ஒன்றுவிடாமல். மற்ற யாரிடமும் அது இல்லை. காப்பி! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் பஸ்ஸில் கார்த்திகேசனிடம் மெல்ல விசாரித்தேன்.

"அவுங்க ரெண்டு பேரும் கேன்டீன்ல ஒண்ணாத்தான் இருப்பாங்க அண்ணி. எனக்கும் டவுட்டுதான்" என்றான். "விடாதீங்க."

அன்று முழுக்க அந்த இருவரையும் நோட்டம் விட்டேன். வெண்மதி தண்ணீர் குடித்தால் சந்தேகம், ராபர்ட் இருமினால் சந்தேகம். காதல் வேறு இருக்குமோ என்று ஒரு குடைச்சல். மாலையில் துறைத்தலைவர் அறைக்கு இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

வெண்மதி மங்கலம்பேட்டைப் பெண். பாண்டிச்சேரியில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். காப்பி என்று அறிக்கை போனால் இந்தத் தாள் பூஜ்யம், அரியர் விழும், வேலை போகும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அழவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"யாரைப் பாத்து யாருடி எழுதுனது?"

"யாரையும் பாக்கல மேடம். நான் முதல் பெஞ்ச், ராபர்ட் கடைசி பெஞ்ச். கேட்டத எழுதுனோம்."

"கேட்டதா? யகரம் எங்கேந்து வந்துச்சு? நான் சொன்னேனா?"

"பதிவப் போடுங்க மேடம்" என்றாள். "நீங்களே கேளுங்க. அதுல இல்லேன்னா நான் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுறேன்."

என்ன கொழுப்பு! ஆகட்டும் என்று போனை எடுத்து மேசையில் வைத்து ஓடவிட்டேன்.

என் குரல் வந்தது. "யெட்லம்." சற்று இடைவெளி. "யெஃப்ரிக்."

திருநாவுக்கரசு சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் காது சுட்டது. எட்டை யெட்டு என்றும் எலியை யெலி என்றும் சொல்லிச் சொல்லி வளர்ந்த நாக்கு, இங்கிலீஷிலும் தன் வேலையைக் காட்டியிருந்தது. இத்தனை வருடமாக மற்றவர்களைத் திருத்திய நாக்கு அது. வகுப்பில் இரண்டே இரண்டு பேர் அதை உள்ளது உள்ளபடி கேட்டிருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் திருடர்கள் என்றேன்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் சொன்ன சொல் நாய்க்குரைப்பில் அப்படியே அமுங்கிப்போயிருந்தது. ஓரெழுத்துகூடக் கேட்கவில்லை. வகுப்பே எழுதாமல் விட்ட சொல் அதுதான்.

அர்த்தமே இல்லாத, உலகத்தில் எங்குமே இல்லாத சொல். கேட்காமல் அதை ஒருவன் எழுதினான் என்றால், பார்த்து எழுதினான். எங்கே பார்த்தான் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. விடைத்தாள் இருந்தது எங்கள் வீட்டு பீரோவில்.

நான் கொண்டுபோயிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்த சாருக்கும் புரிந்துவிட்டது. பிள்ளைகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கொழுந்தன்தானம்மா அது? வேணாம், கிளற வேணாம். பதிவு சரியில்லேன்னு தேர்வையே ரத்து பண்ணிடலாம். எல்லாரும் திரும்ப எழுதட்டும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

கேட்க இதமாகத்தான் இருந்தது. வீட்டில் சண்டை வராது. மாமியார் முகத்தைத் தூக்கிக்கொள்ள மாட்டார். என் யெட்லமும் யாருக்கும் தெரியாது. ஆனால் வெண்மதி மேல் நான் பூசிய கறை அப்படியே நிற்கும். காப்பி அடித்தவள், எப்படியோ தப்பித்தவள் என்று நாளைக்கே கேன்டீனில் பேசுவார்கள். பேச ஆரம்பித்து வைத்தவளே நான்.

"வேண்டாம் சார்" என்றேன். "அவுங்க ரெண்டு பேரும் எழுதினதுதான் சரி. என் விடைத்தாள்தான் தப்பு. நானே எழுதித் தரேன். திருட்டு நடந்தது எங்க வீட்டுல."

கதவைத் திறந்தேன். வெண்மதியும் ராபர்ட்டும் சுவரோரம் நின்றார்கள். எதிர்ப்பக்கம் கார்த்திகேசன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னைத் தேடி வந்திருப்பான் போல. அந்த இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"என்ன அண்ணி, ஆள் மாட்டுச்சா?"

"மாட்டிச்சு" என்றேன். "உள்ள வா."