ஏசியை அணைக்காமல் மலை ஏறுவது

1

இந்தக் கதை ஒரு முட்டை லாரியை முந்தியதில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஏதாவது சொல்லலாமே என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், ஆண்டகளூர் கேட் தாண்டி, முன்னால் போன லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை மிதித்தேன். என்னுடையது பழைய டீசல் கார். மிதித்தால் கொஞ்ச நேரம் யோசிக்கும், பெருமூச்சு விடும், அதற்கப்புறம்தான் கிளம்பும். அன்றைக்கு யோசிக்கவே இல்லை. என் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பாய்ந்தது. காருக்குள் தனியாக இருந்த நான் "அடியே!" என்று கத்திவிட்டேன். லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

காரணம், முந்தின நாள் தனப்பிரியா என் காரின் பானெட்டைத் திறந்து செருகிவிட்டுப் போன ஒரு சின்னப் பெட்டி. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும்.* தனப்பிரியா திருச்செங்கோட்டுக்காரி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். டீசல் கார்களுக்கு இந்தப் பெட்டியைப் பொருத்துவது அவள் தொழில். ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு தேடி வந்து பொருத்திக் கொடுக்கிறாள். என் வீட்டு வாசலில் வேலை செய்துகொண்டே, தான் முதன்முதலில் பெட்டி மாட்டிய காரைப் பற்றிச் சொன்னாள். அது அவள் மாமனாருடைய கார். கதை முக்கியமான இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. பேசினாள், காப்பியைக் குடித்து முடித்தாள், போய்விட்டாள். ஆகவே என்னிடம் இருப்பது பாதிக் கதை.

(தனப்பிரியா என்பது அவள் பெயரல்ல. மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "மாத்தாமயே எழுதுங்கக்கா, விளம்பரமாச்சு" என்றாள். இருந்தும் மாற்றிவிட்டேன். அவள் மாமனாரை எனக்குத் தெரியாது, எப்படிப்பட்டவரோ.)

* நீங்களும் மாட்டிப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. கார் கம்பெனிக்குத் தெரிந்தால் வாரண்டி போய்விடும். எனக்கு வாரண்டி எப்போதோ போய்விட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்.

"திருச்செங்கோட்டு மலையின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை" – வேண்டாம். எங்கள் பக்கத்து வெயிலுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

"தனப்பிரியா கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்." இதுவும் வேண்டாம். அவள் அழுததாகச் சொல்லவில்லை. பெண் கதாபாத்திரம் என்றதும் கண்ணீரோடு வந்து நிற்கிறதே இந்தப் பேனா, அதன் பழக்கம் அப்படி.

"காமன் ரெயில் டீசல் எஞ்சினில், எரிபொருளின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரானது" – இதில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பீர்கள். ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது. அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

"அது பெரிய அதிசயமெல்லாம் இல்லீங்கக்கா. எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. டீசல் எத்தன அழுத்தத்துல வருதுன்னு சென்சார் அதுக்குச் சொல்லும். நம்ம பொட்டி நடுவால உக்காந்துக்கிட்டு, 'கொஞ்சம் கொறச்சலா இருக்குதுங்க'ன்னு ஒரு பொய் சொல்லும். அதைய நம்பி கம்ப்யூட்டர் இன்னுங் கொஞ்சம் டீசலத் தள்ளும். அவ்வளவுதானுங்க."

"ரொம்பப் பெரிய பொய்யாச் சொன்னா?"

"கண்டுபுடிச்சிரும். கோவிச்சுக்கிட்டு எஞ்சின ஆமை மாதிரி ஓட வெச்சிரும். பொய்ய அளவாச் சொல்லோணும்."

நான் இத்தனை வருடமாகக் கதை எழுதுகிறேன். யாரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. (இங்கே எழுத்தாளருக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள ஒற்றுமை பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அதை நீங்கள் ஏற்கெனவே மனதில் எழுதி முடித்திருப்பீர்கள்.)

3

மாமனார் பெயர் குழந்தைவேல் என்று வைத்துக்கொள்வோம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். வருடத்தில் பாதி நாள் ரிக் வடக்கே எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு ஷெட் உண்டு. பழைய குழாய்களும் பாறை துளைத்துத் தேய்ந்த பிட்டுகளும் கிடக்கும் இடம். தனப்பிரியா கேட்டது அந்த ஷெட்டைத்தான்.

"பையி இருந்தா சேல்ஸ்காரிம்பாங்க. ஷெட்டு இருந்தாத்தானுங்க மெக்கானிக்கும்பாங்க."

இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

குழந்தைவேலை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். முறுக்கு மீசை, அதட்டல் குரல், வெற்றிலை. மூன்று பத்தி தாண்டவில்லை, அவராகவே எழுந்து போய்விட்டார். உண்மையில் அவர் மருமகளை "சாமி" என்று பாசமாகத்தான் கூப்பிடுவார். டீக்கடையில் அவளைப் பற்றி "என்ற மருமவ படிச்ச படிப்புக்கு" என்று தொடங்கினால் டீ ஆறிப்போகும். ஆனால் ஷெட்டைத் தூக்கிக் கொடுத்துவிடவும் மனம் வரவில்லை. அதனால் ஒரு பரீட்சை வைத்தார்.

ரிக் வெளியூர் கிளம்பும் முன் குடும்பத்தோடு திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்குப் போவது அந்த வீட்டு வழக்கம். ஏழு பேர் உட்காரும் டீசல் கார். மலையடிவாரம் வந்ததும் குழந்தைவேல் ஏசியை அணைப்பார். இல்லாவிட்டால் ஏறாது. மாமியார் ஆராயி பட்டுப்புடவையில் வேர்த்து வழிவார். செங்குத்தான வளைவு ஒன்றில் முதல் கியருக்கு இறக்க வேண்டும். கார் முனகும். காருக்குள் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் எடை குறையும் என்பதுபோல.

"ஏழு பேரும் உக்காரோணும். ஏசி ஓடோணும். மொதக் கியருக்கு எறக்கப்படாது. ஏறீட்டா ஷெட்டு உனக்கு, சாமி."

"ஏறலைன்னாங்க மாமா?"

"பொட்டியெல்லாம் மூட்ட கட்டி வெச்சுட்டு, நம்ம ரிக்கு ஆபீசுல உக்காந்து போனு எடு."

அவள் ஒத்துக்கொண்டாள்.

4

பெட்டியை மாட்டிவிட்டு, சங்ககிரி ரோட்டில் மாமனாரையே ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். கார் நன்றாக இழுத்தது. குழந்தைவேல் முகத்தில் மட்டும் திருப்தி இல்லை. கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பொகையே காணமே சாமி."

"பொகை வரக்கூடாதுங்க மாமா. வந்தா டீசல் சரியா எரியலைன்னு அர்த்தம்."

"பொகை வரலைன்னா இழுவை எப்படி வரும்?"

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ரிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். ரிக்கின் கம்ப்ரசர் எஞ்சின் பாறையில் திணறும்போது, டீசல் அதிகம் போகும்படி பம்பைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, கரும்புகை கக்குவதைப் பார்த்து "இப்பத்தான் புடிச்சுது" என்று சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். அந்தக் கண்ணுக்குப் புகைதான் பலம்.

பெட்டியின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் ஒரு சின்னத் திருகி இருக்கிறது. பொய்யின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். அதைக் காட்டி, "இதைய இந்தக் கோட்டுக்கு மேல திருகவே கூடாதுங்க மாமா" என்று சொல்லிக் கொடுத்தாள். அவரும் தலையாட்டினார்.

கிளம்பும் நாள் காலையில், எல்லாரும் குளித்து உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ அந்தத் திருகியைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டார்கள்.

(யாரோ என்று எழுதுவதில் ஒரு அர்த்தமும் இல்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் திருகினார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவளைத் தோற்கடிக்கவா? ஒரு பிரதியில் அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் அந்த ஆள் பொய்யாக இருந்தார். கார் ஏறாமல் போய்விடுமோ, மருமகள் தோற்றுவிடுவாளோ என்ற பயத்தில்தான் திருகினார். அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.)

5

குழந்தைவேல்தான் ஓட்டினார். பக்கத்தில் ஆராயி. நடுவில் தனப்பிரியாவும் அவள் கணவன் தமிழரசுவும். மற்ற சொந்தங்களின் பெயரைக் கேட்காதீர்கள், எடைக்காக ஏற்றியிருக்கிறேன்.

ஏசி ஓடியது. அடிவாரம் தாண்டியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. கார் ஏறியதைச் சொல்லும்போது தனப்பிரியாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழே வயல்களும் விசைத்தறி ஓட்டுக் கூரைகளும் சின்னதாகிக்கொண்டே போக, வண்டி சமவெளியில் ஓடுவதுபோல் ஏறியிருக்கிறது. ஆராயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஏனுங்க, குளுருதுங்க. கொஞ்சம் கொறைங்க."

மலையேறும் காரில் அந்த அம்மாள் குளிருகிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. காருக்குள் எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைவேல் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் கரும்புகை. அவரும் சிரித்தார்.

செங்குத்து வளைவில் திரும்பியபோது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தார், வண்டி கேட்கவில்லை. முதல் கியருக்கு இறக்கினார், அதிலும் ஏறவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஏழு பேரும் இறங்கினார்கள். தமிழரசு ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தான்.

தனப்பிரியா பானெட்டைத் திறந்து, ரப்பர் மூடியை நீக்கிப் பார்த்தாள். திருகி கடைசியில் நின்றது. அந்தத் திருகி இருப்பது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் அன்றைக்கு இரண்டே பேர்.

பெட்டியைக் கழற்றினாள். சென்சாரின் வயரைப் பழையபடி அதன் இடத்திலேயே செருகினாள். சாவியை ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டாள். எஞ்சின் பழைய குரலில், ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. எனக்கு இந்தப் பெட்டியிடம் மிகவும் பிடித்தது இதுதான். எஞ்சினில் ஒரு ஓட்டை போடுவதில்லை, ஒரு வயரை அறுப்பதில்லை. வேண்டாம் என்றால் அமைதியாக வெளியே வந்துவிடுகிறது. விருந்தாளிகளில்கூட இப்படிப்பட்டவர்கள் குறைவு.

ஆராயி கிட்டே வந்து கேட்டார்:

"பொட்டி கெட்டுப்போச்சா சாமி?"

எல்லாரும் தனப்பிரியாவைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் வீட்டு வாசலில் அவள் போன் அடித்தது.

6

மிச்சத்தை நானே எழுதினேன். முதல் முடிவு இது:

"நாந்தானுங்க அத்தை, சரியா வெக்காம உட்டுட்டேன்" என்கிறாள் தனப்பிரியா. குழந்தைவேல் நிமிர்ந்து பார்க்கிறார். மருமகள் தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்பது அவருக்குப் புரிகிறது. கண் கலங்குகிறது. அன்று மாலை ஷெட்டின் சாவி அவள் கைக்கு வருகிறது.

எழுதி முடித்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. பெருமை தாங்காமல் அவளுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, நான் எதுக்கு அப்படிச் சொல்லோணும்?"

"பெரியவர் மரியாதை..."

"அவரு மரியாதைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ரிக்காரரு. போர் போட்டுத் தண்ணி வராம எத்தன பேரு தோட்டங்காட்டுல தலை குனிஞ்சு நின்னிருக்காரு! மறுநாளே அடுத்த காட்டுல போயி எறங்குவாரு. அதெல்லாம் அவருக்குப் பழக்கந்தான். ஆனா செய்யாத தப்ப நான் செஞ்சேன்னு சொன்னா, நாளைக்கு எவனுங்க என்ற கையில கார்ச் சாவியக் குடுப்பான்?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு வீட்டின் மருமகள்தான். யாரும் கேட்காமலேயே என் பேனா அவள் தலையைக் குனியவைத்து, அதற்குப் பரிசாக ஒரு சாவியையும் கொடுத்திருக்கிறது. அதைப் படித்து நானே கண்ணீர் விட்டிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

"அப்படீன்னா நெஜத்துல என்னதான் சொன்னே?" என்று கேட்டேன்.

"யாரு திருகினதுன்னு கேட்டனுங்க. வேற என்னத்தக் கேக்கறது?"

"அதுக்கு அவர்?"

சிரித்தாள். "கதைன்னுதானே சொன்னீங்க? எழுதுங்க. எனக்கு சங்ககிரில ஒரு வண்டி நிக்குது." வைத்துவிட்டாள்.

இரண்டாவது முடிவு. தனப்பிரியா இடுப்பில் கைவைத்து நின்று, உழைக்கும் பெண்களைப் பற்றி எல்லாருக்கும் கேட்கும்படி – இல்லை. அடித்துவிட்டேன். பாதி மலையில் யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை.

அவள் இன்றைக்கும் பையோடு வீடு வீடாக வருகிறாளே, அப்படியானால் ஷெட் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஷெட் இருப்பவர்களும் வீட்டுக்கு வந்து வேலை செய்து தருகிறார்கள். அதை வைத்து நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

7

ஆகவே இதுவரைதான் எழுதுகிறேன்.

தனப்பிரியா பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள். திருகி தெரியும்படி நீட்டுகிறாள். குரலில் கோபமில்லை. எந்தக் காரைத் திறந்தாலும் எந்த ஓனரிடமும் கேட்கும் அதே குரல்.

"மாமா, இதைய ஆருங்க திருகினது?"

ஆராயி புருஷனைப் பார்க்கிறார். தமிழரசு கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்தபடியே அப்பாவைப் பார்க்கிறான். பின்னால் வந்து நின்ற வேன் ஒன்று ஹார்ன் அடிக்கிறது. குழந்தைவேல் பெட்டியைப் பார்க்கிறார், மருமகளைப் பார்க்கிறார். "நாந்தான் சாமி" என்று இரண்டு சொல் சொன்னால், பெட்டிமேல் பழி இல்லை. அளவாக வைத்து மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறிப் பார்க்கலாம். "எனக்கென்ன தெரியும்" என்றால், நாளைக் காலையிலிருந்து அவள் ரிக் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கிறார்.

எனக்கு அவர் என்ன சொல்ல வேண்டும் என்று ஆசை இருக்கிறது. ஆனால் ஆசையில் எழுதிய முடிவு என்ன ஆயிற்று என்று பார்த்தீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவரை உங்களுக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் மருமகள் கேட்கும் ஒரு கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்பதும் தெரியும். அவரைக் கொண்டுவந்து அந்த வளைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்லட்டும், மழுப்பட்டும், வேன்காரனைத் திட்டிப் பேச்சை மாற்றட்டும், உங்கள் விருப்பம்.

தனப்பிரியாவை மட்டும் மன்னிப்புக் கேட்க வைத்துவிடாதீர்கள்.