தலைவரின் கோட்டு

"இதுல மனுதாரருக்குத் தனிப்பட்ட பாதிப்பு என்ன?" என்று நீதிபதி கேட்டபோது, எதிர்வரிசையில் நகரசபைத் தலைவர் நான் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்பைக்கு மேல் நடுப்பொத்தான் தெறிக்கிற மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். எல்லையில் தவறான பாதையில் நுழைந்துவிட்டார் என்று அடுத்த நாட்டுக்காரர்கள் பிடித்து உள்ளே போட்டுப் பதினோரு மாதம். இரண்டு அரசாங்கங்களும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதி, ஒருவழியாக விடுதலைக்கு நாள் குறித்தன. அந்த நேரம் பார்த்துத் தலைவருக்குப் பெரிய மனிதராகும் ஆசை வந்தது. யாரும் அனுப்பாமல், யாரிடமும் கேட்காமல் அங்கே போய், டிரைவரை விட்டால் எங்கள் ஊர்ச் சந்தையை அவர்கள் சரக்குக்குத் திறந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துக் கைகுலுக்கினார். சந்தை என்ன, அவர் மாமனார் வீட்டுச் சொத்தா? சும்மா விடுவதாக இருந்த ஆளுக்கு இவ்வளவு கிராக்கி இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்துபோனது. குறித்த நாளை ரத்து செய்துவிட்டார்கள். தலைவர் பல்லை இளித்தபடி நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அந்தப் பயணத்துக்குத்தான் கோட்டு. அளவெடுக்கும்போது, "கூலியெல்லாம் வேண்டாம்ணே, அவரைக் கூட்டிட்டு வந்தா போதும்" என்று சொன்னவள் நான்தான். அந்த நாக்கை இழுத்து வைத்து நாலு தையல் போட்டிருக்க வேண்டும்.

"அனுமதியில்லாம வெளிநாட்டோட பேரம் பேசக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்கய்யா" என்றார் என் வக்கீலம்மா.

"இருக்கும்மா. அதை வெச்சு அரசாங்கம் கேக்கலாம். தனி ஆளு கேக்க முடியாது."

அரசாங்கத்தில் அதைக் கேட்க வேண்டிய மந்திரி தலைவரின் மைத்துனர். கேட்டுக் கிழித்துவிடுவார்.

நான் எழுந்துவிட்டேன். "என் புருஷன் உள்ள இருக்கார்யா. அது பாதிப்பு இல்லையா?"

"அது அந்த நாடு செஞ்சதும்மா. இவர் செஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?"

மனு தள்ளுபடி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் தலைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "மனசுல வெச்சுக்காதம்மா. அடுத்த மாசம் மறுபடியும் போறேன், பேசி முடிச்சிடறேன். இது இடுப்புல பிடிக்குது, கொஞ்சம் தளர்த்திக் குடு." கோட்டைக் கழற்றி என் கையிலேயே போட்டுவிட்டுப் போனார். வெட்கம் என்ற ஒன்றை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்றுகூட அந்த ஆளுக்குத் தெரியாது.

கடைக்கு வந்ததும் பிரித்தேன். பக்கத் தையலில் இரண்டு விரற்கடைத் துணி உள்ளே மடித்து விட்டிருந்தேன். ஊதுகிற உடம்பு என்று அன்றைக்கே தெரியும். உடம்பைச் சரியாகத்தான் அளந்திருக்கிறேன், ஆளைத்தான் அளக்கவில்லை. இடுப்போடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. காலரைப் பிரித்தேன், உள்துணியைப் பிரித்தேன், இரண்டு கைகளையும் தோளிலிருந்து பிரித்தேன்.

சாயங்காலம் தலைவரின் உதவியாளர் போன் செய்தார். "அக்கா, கோட்டு எப்ப கிடைக்கும்? தலைவர் கேக்கறாரு."

"கோட்டு இல்லாததுல அவருக்குத் தனிப்பட்ட பாதிப்பு என்னன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கொக்கியில் தனியாக மாட்டியிருந்த கோட்டின் வலது கை, மின்விசிறிக் காற்றில், யாருக்கோ கைகொடுக்க நீட்டி நீட்டி ஆடிக்கொண்டிருந்தது.