மலைக்குப் போன பூட்ஸ்

ஜெனரல் ஓய்வு பெற இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அதற்குள் கால் நகம் வெட்டியாக வேண்டும். சோபாவில் சாய்ந்து இரண்டு கால்களையும் முக்காலி மேல் நீட்டியிருந்தார். ஆர்டர்லி தரையில் குந்தி, ஒவ்வொரு விரலாகத் துடைத்து வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு துண்டு தெறித்துப்போய் பிஸ்கட் தட்டில் விழுந்தது. ஜெனரல் அதைச் சுண்டிவிட்டு, அதே தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

மகள் அவர் காலைப் பார்த்தாள். ஒரு காய்ப்புகூட இல்லாத, குழந்தையுடையது போன்ற பாதங்கள். பட்டாளத்தில் முடி நரைத்தவரின் கால் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் உள்ளறைக்குப் போனாள். கணவன் கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டினான். அதில் மூன்று விரல்கள் இல்லை. தையல் போட்ட இடம் அவ்வப்போது வெடித்து நீர் கசியும். அவள் பஞ்சால் ஒற்றி, புதுக்கட்டுப் போட்டாள்.

"பிரிவு விழாவுல அப்பா உங்களை மேடைக்குக் கூப்பிடப் போறாராம்."

"தெரியும். காலையிலயே ஒத்திகை பார்த்தாச்சு. நான் இன்னும் கொஞ்சம் நல்லா நொண்டணுமாம்."

"சிரிக்காதீங்க."

"அழுதா மட்டும் முளைக்கவா போகுது?"

"அடுத்த வாரம் அந்த கிடங்கு அதிகாரியோட அப்பீல் வருது. நான் சொல்லிடறேனே."

அவன் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "வேண்டாம். உங்கப்பா ஒரு போன் போட்டா, உட்கார்ந்து பார்க்கிற இந்த வேலையும் போயிடும். இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பேன்?"

வீரர்கள் ஜெனரலுக்கு வைத்திருந்த பெயர் இஸ்திரி. சட்டை மடிப்பு கலையாமலேயே மேலே வந்தவர். துப்பாக்கிச் சத்தத்தை அவர் கேட்டதெல்லாம் பயிற்சி மைதானத்தில்தான். போர்வை, கூடாரம், பூட்ஸ் என்று கொள்முதல் பார்த்தே ஏறினார். மூன்று வருடத்துக்கு முன் பனிமலைக் காவலுக்கு அவர் கையெழுத்தில் போன பூட்ஸ் முதல் வாரமே வாயைப் பிளந்தது. பனி உள்ளே இறங்கியது. எத்தனையோ பேருக்கு விரல் கறுத்து, வெட்டி எறியும்படி ஆயிற்று. நல்ல மாதிரியைக் காட்டிக் கிடங்கு அதிகாரி தன்னை ஏமாற்றிவிட்டார் என்று ஜெனரல் விசாரணையில் சொன்னார். கிடங்கு அதிகாரி சிறைக்குப் போனார். ஜெனரலின் தோளில் இன்னொரு நட்சத்திரம் ஏறியது.

அவரைக் காப்பாற்றியது மாப்பிள்ளையின் கால். தெரிந்தே சொந்த மருமகனை அந்தப் பூட்ஸோடு யாராவது மலைக்கு அனுப்புவார்களா?

மகளை யாரும் விசாரிக்கவில்லை. கேட்காததைச் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். சொல்ல வேண்டியது மூன்று வருடமாக அவளிடமே கிடந்தது.

கூடத்தில் பத்திரிகைக்காரப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். ஜெனரல் சாக்ஸ் மாட்டியிருந்தார். அம்மா டீ கொடுத்துவிட்டு மகளின் காதருகே, "உம்முனு நிக்காத. இன்னைக்கு ஒரு நாள் நல்லபடியா போகட்டும்" என்றாள்.

இளமைக் காலம், ஒழுக்கம், தேசம் எல்லாம் முடிந்தது. பத்திரிகைக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், அந்த பூட்ஸ் கேஸ் மறுபடி வருதே. உங்களுக்கு முன்னாடியே எதுவும் தெரியாதா?"

ஜெனரலின் கண் சட்டென்று கலங்கியது. வேண்டும்போது கலங்கும் கண் அது.

"ஏம்மா, நான் என்ன கல்நெஞ்சுக்காரனா? என் ஒரே பொண்ணோட புருஷன் அந்த மலையில நின்னார். மாப்பிள்ளை, இப்படி வாங்க. அந்தக் காலைக் காட்டுங்க. வெட்கப்பட இதுல என்ன இருக்கு?"

மாப்பிள்ளை குனிந்தான். சற்று முன் அவள் போட்ட கட்டை அவிழ்த்தான். ஜெனரல் அவன் தோளில் கைவைத்து, கடையில் சரக்கை எடுத்துக்காட்டுவது போல அவனைத் திருப்பி நிறுத்தினார். பஞ்சு ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. பத்திரிகைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா பாருங்கம்மா. தெரிஞ்சிருந்தா இவரை அதைப் போட விட்டிருப்பேனா?"

"விடல" என்றாள் மகள்.

அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜெனரல் திரும்பினார். "என்னம்மா?"

"உள்ள போடி" என்றாள் அம்மா.

கணவன் அவிழ்ந்த கட்டோடு அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று இந்தத் தடவை அவன் தலையாட்டவில்லை.

"நீங்க அவரை அதைப் போட விடலப்பா. சரக்கு மலைக்குப் போறதுக்கு முன்னாடியே, இவருக்கு மட்டும் வெளிநாட்டு ஜோடி ஒண்ணு வாங்கி என்கிட்ட குடுத்தீங்க. இவர் அதைத் தன்கூட இருந்த வயர்லெஸ்காரருக்குக் குடுத்துட்டு கிடங்கு பூட்ஸையே போட்டுக்கிட்டார், அது வேற விஷயம். ஆனா கிடங்கு பூட்ஸ் ரெண்டு நாள்கூட தாங்காதுன்னு அன்னைக்கு என்கிட்ட சொன்னது நீங்கதான்."