சத்தம் நின்ற காலை

தம்பி ஓங்கிய சுத்தியல் சைக்கிளின் ஹேண்டில்பாரில் இறங்கியது. மணி தெறித்துச் சுவரில் மோதி விழுந்தது. அக்காள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே உதறியதில் முழங்கை அவள் வாயில் இடித்து உதடு கிழிந்தது.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவன் அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே இந்தப் பின்னறைக்குள் நுழைந்திருந்தான். தூக்கிப்போக வண்டி வருவதற்குள் அவன் அப்பா பக்கத்தில் ஒரு நிமிஷமாவது உட்கார வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இன்று விட்டால் இனி எப்போது?

பழைய சைக்கிள்தான். முதல் மாரடைப்புக்குப் பிறகு தெருவில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், அதை ஸ்டாண்டில் மாட்டி, பின்சக்கரம் உருளையில் சுற்ற, காலையில் மிதித்துக்கொண்டிருந்தார் அப்பா. ஒவ்வொரு மிதிக்கும் டக்கென்று ஒரு சத்தம். சைக்கிள் கடையில் வேலை பார்த்த தம்பிதான் அதற்குப் பெடலைத் தாங்கும் கிராங்க்கைப் புதிதாக மாட்டியவன். பழி அவன் தலையில் விழுந்தது. கிராங்க் கெட்டியாகத்தான் இருக்கிறது என்று அவன் சொன்னதற்கு, கையிலிருந்த ஸ்பேனரால் அவன் விரல்களில் ஒரு போடு போட்டார். கோபம் வந்தால் அந்த மனிதருக்குக் கண்மண் தெரியாது. அன்று வீட்டை விட்டுப் போனவன், சரியாக மடங்காத விரல்களோடு இன்றுதான் வந்திருக்கிறான். அவன் போன பிறகும் அப்பா கிராங்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக மல்லுக்கட்டினார். சத்தம் அசைந்து கொடுக்கவில்லை.

இன்று காலை அந்தச் சத்தம் பாதியில் நின்றது. ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று அம்மா நிம்மதியாக அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். போய்ப் பார்த்தபோது அவர் ஹேண்டில்பாரில் கவிழ்ந்து கிடந்தார்.

"உடைடா," என்றாள் அக்காள், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு. "அப்பாவுக்கு அப்புறம் அடிக்கறதுக்கு இந்த வீட்டுல ஒரு ஆள் வேணும்ல."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அவள் உதட்டை அப்போதுதான் பார்த்தான்.

"நான் சரியாத்தான் மாட்டினேன்க்கா."

"அப்ப சத்தம் எங்கேருந்துன்னு கண்டுபிடி. அப்புறம் உடை."

அவள் ஏறி மிதித்தாள். டக். டக். கூடத்தில் பேச்சு அடங்கியது. குனிந்து காதுகொடுத்தவன், அவளை எழுந்து நின்று மிதிக்கச் சொன்னான். நின்றாள். சத்தம் இல்லை. உட்கார்ந்தாள். டக்.

"சீட்டுக் கம்பி," என்றான். "காஞ்சுபோய் உரசுது."

அப்பாவுக்கு முட்டி தேய்ந்திருந்தது. ஒருநாளும் அவர் எழுந்து நின்று மிதித்ததில்லை. அவன் சுத்தியலைச் சுவரில் வீசி எறிந்தான். காரை பெயர்ந்து உதிர்ந்தது. தன் விரல்களைப் பார்த்தான், சுவரிலேயே குத்தினான், மறுபடியும் குத்தினான். அக்காள் தடுக்கவில்லை. அவளுக்கும் குத்த வேண்டும் போலிருந்தது.

பிறகு அவனே கம்பியை உருவி, துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினான். ஏறி மிதித்தான். டக் வரவில்லை.

அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "சத்தம் நின்னுடுச்சே!"

"மிதிச்சிட்டுதாம்மா இருக்கேன்," என்றான். "பாரு, மிதிச்சிட்டுதான் இருக்கேன்."

அம்மா அவன் முதுகில் கை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாசலில் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கிக் கூடத்துக்குப் போனான். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் துடைக்காமலே அவர் முட்டியின் மேல் வைத்தான். வெள்ளைத் துணியில் கிரீஸ் ஊறியது. துணியை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.