ஆணியைத் துப்பிட்டுப் பேசு

எங்கள் முதலாளி பேசுவது யாருக்கும் புரியாது. சோஃபாவுக்குத் துணி அடிக்கும்போது சின்ன ஆணிகளை வாயோரத்தில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிப்பார். அதற்கு மெஷின் வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. அவர் வாயிலிருந்து ஆணி மட்டும் இறங்கவில்லை. வார்த்தைகள் எல்லாம் இன்னொரு பக்கமாக வழிந்துதான் வெளியே வரும்.

ரேடியோ அதை அப்படியே செய்து காட்டுவான். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே நான்தான். பக்கத்துப் பக்கத்து மேசையில் பதினாறு வருஷம். வாயைக் கோணிக்கொண்டு அவன் திட்ட ஆரம்பித்தால் பட்டறையே குலுங்கும்.

அன்றும் பத்து மணிக்கு டீ மணி அடித்தது. அவன் என் பக்கம் திரும்பி, வாயை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னான். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. நாங்கள் சிரித்தோம். மறுபடி சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"டேய், ஆணியத் துப்பிட்டுப் பேசுடா" என்றேன்.

அவன் டீயைத் தொடாமல் போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு, தைத்துக்கொண்டிருந்த மெத்தை உறையோடு ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்தான்.

முதலில் தூக்கிப்போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை. அதைச் சொல்லவே அந்த மகானுபாவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கேன் முடிந்தபோது மணி இரண்டே முக்கால்.

அவன் மனைவி பேக்கரியில் வேலை செய்பவள். தலையில் மாட்டிய வலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு? காலையில ஆறு மணிக்கு நான் கெளம்பும்போது நல்லா தூங்கிட்டு இருந்தாரே!"

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். சின்ன வயசு. பேச்சில் ஒரு வார்த்தை வீணில்லை.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. எப்ப ஆரம்பிச்சது?"

"பன்னெண்டு மணிக்கு விழுந்தான் டாக்டர்" என்றேன்.

"அப்ப நேரம் இருக்கு. அடைப்பக் கரைக்க ஊசி போடலாம். ஆனா ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிடலாம். உயிருக்கே ஆபத்து. அதுக்கு முன்னாடி பேச்சுக் கொழறல், வாய் கோணல் எதாவது இருந்துச்சா?"

வாய் கோணல். அந்த இரண்டு வார்த்தையில் பட்டறை மொத்தமும் என் கண் முன்னால் மறுபடி சிரித்தது. டீ மணி, அவன் முகம், என் சிரிப்பு. அவன் நடிக்கவே இல்லை.

மனசு கணக்குப் போட்டது. பத்திலிருந்து இரண்டே முக்கால். கால் மணி நேரம்தான் தாண்டியிருக்கிறது. பத்தரை என்று சொன்னால் என்ன? அரை மணியில் என்ன குடி முழுகிவிடும்? நர்ஸ் ஊசி மருந்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

"போடாதீங்க!" என்று கத்தினேன். "பத்து மணிக்கே வாய் கோணிச்சுங்க. பேச்சுக் கொழறுச்சு. எங்க மொதலாளி மாதிரி நடிக்கிறான்னு நெனச்சு சிரிச்சுட்டோம். நான்தான் ரொம்ப சிரிச்சேன்."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். மருந்து தட்டுக்குத் திரும்பிப் போனது. "அப்ப தொடை வழியா குழாய் விட்டு அடைப்ப எடுத்துப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

தங்கச்சி வலைத் தொப்பியைக் கழற்றி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பா ஸ்கூல் விட்டு வந்திருப்பா" என்றாள் கடைசியில். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்கண்ணே. ஒண்ணு மட்டும். நீங்கல்லாம் சிரிச்சத அவகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

அவர்கள் வீட்டு மாடிப் படி ஏறிக் கதவைத் தட்டினேன். பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயசு. யூனிஃபார்மோடு வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"அப்பாவுக்குத் திடீர்னு முடியலடா. ஆஸ்பத்திரியில இருக்காரு. பேச்சு சரியா வரல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ மாமா, உங்களயும் ஏமாத்திட்டாரா? அது மொதலாளி ஆக்டிங். காலையில ஏழு மணிக்கு என்கிட்டயும் அப்படித்தான் பேசினாரு. டம்ளரக்கூடக் கீழ போட்டாரு. நான் எவ்ளோ சிரிச்சேன் தெரியுமா? கொஞ்ச நேரத்துல அவரே சரியாயிட்டாரு."

ஏழு மணிக்கே. இந்தக் குழந்தையும்.

"என்ன மாமா? ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லடா. செருப்ப மாட்டு."

ஆஸ்பத்திரியில் பாப்பாவை நடையின் கோடியில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். தங்கச்சி ஆபரேஷன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் போய்ச் சேரவும் டாக்டரம்மா வெளியே வரவும் சரியாக இருந்தது.

"அடைப்ப எடுத்தாச்சு. பேச்சு, கை, கால் எவ்ளோ திரும்பும்னு ரெண்டு நாள் போனாத்தான் தெரியும். இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா? வந்துட்டுப் போனாலும் அது எச்சரிக்கைதான். எனக்குத் தெரிஞ்சாகணும்."

தங்கச்சி இல்லையென்று தலையாட்டினாள். நான் நடையின் கோடியைப் பார்த்தேன். பாப்பா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா எழுந்து வந்து எல்லாரையும் கேலி செய்வார் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு டாக்டர்" என்றேன். "காலையில ஏழு மணிக்கே வந்துச்சு. எனக்குப் போன் பண்ணான். பேச்சு கொழகொழன்னு இருந்துச்சு. டம்ளர் கை நழுவுதுன்னான். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. நான் அப்பவும் சிரிச்சுட்டு வச்சுட்டேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் விறுவிறுவென்று நடந்து போய், பாப்பாவின் கையைப் பிடித்து எழுப்பி, என்னைத் தாண்டி நடையின் மறு கோடியில் இருந்த நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.