பேனரில் விட்ட வெள்ளைக் கட்டம்

உக்குவளைச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிற சதீஸ்குமாருக்கு, எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரியும். வீட்டில் இருக்கிற ஒரே மகள் சாம்பவிக்கு என்ன கோளாறு என்றுதான் அந்த மனிதனுக்கு விளங்கவில்லை.

பிள்ளை அஞ்சாம் ஆண்டு. ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு இன்னும் மூன்றே கிழமை. வகுப்பில் முதல் ஆள், கையெழுத்து அச்சடித்த மாதிரி. வினையே அங்கேதான். ஒரு விடை எழுதுவாள், எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டதென்று அழிப்பாள், திரும்ப எழுதுவாள், இது சரிதானா என்று திரும்பவும் அழிப்பாள். மாதிரித் தாள் ஒன்றில் பதினாலாம் கேள்வியில் தாளே ஓட்டையாகிப் போனது. மணி அடித்தபோது மிச்சம் இருபத்தாறு கேள்வியை அவள் கண்ணாலும் பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மாதிரிச் சோதனை என்றாலே காலையில் வாந்தி.

சதீஸ்குமார் முதலில் பிள்ளை ஆசையாகத் தின்கிற சந்திக் கடை ரோல்ஸைத் திட்டினான். பிறகு கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டான். நெடி வராவிட்டால்தான் கண்ணூறு என்பார்கள். அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் இருமித் தள்ளினார்கள்.

வகுப்புக்குப் பொறுப்பான வாகினி டீச்சர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். "பிள்ளைக்குத் தெரியாதுன்னு ஒன்னும் இல்லைங்க. பிழை விட்டுருவோமோன்னுதான் பயம். வீட்டில ஏதும் நெருக்குறீங்களா?"

"ஐயோ டீச்சர், நாங்க ஒரு வார்த்தை சொல்றதில்லையே" என்றான். அதில் பொய் இல்லை. வாயால் அவன் எதுவும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் ஒரு மாதிரிச் சோதனை. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்து ஹோர்ன் அடிக்கிறான், அடிக்கிறான், பிள்ளையைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் சுருள் பிரிந்து கிடந்தது அந்தப் பேனர்.

ஸ்கொலர்ஷிப் முடிவு வந்தால் எங்கள் பக்கத்தில் வேலியிலும் கரண்ட் கம்பத்திலும் பிள்ளைகளின் முகம்தான் தொங்கும். அந்த நாட்களில் பேனர் அடிக்கிற கடையில் கால் வைக்க இடமிருக்காது. போன வருஷம் அதைப் பார்த்துவைத்த இந்தப் புத்திசாலி, முந்திக்கொள்கிறேன் என்று ஆனி மாதமே ரவூப் நானாவின் கடையில் சொல்லி அடித்து வாங்கி, அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டான். 'வாழ்த்துகிறோம்' என்று பொன் எழுத்து, நடுவில் சாம்பவியின் படம், கழுத்தில் கம்ப்யூட்டரில் போட்ட மாலை. சோதனையில் எடுக்கப்போகிற புள்ளியை எழுத மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். "சோதனை முடியட்டுமே தம்பி" என்று ரவூப் நானா சொல்லாமல் இல்லை. கேட்டால்தானே.

"எப்பம்மா பார்த்த?"

"போன மாசமே. பென்சில் உருண்டு போச்சுன்னு தேடுறப்ப." அவள் அந்த வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தாள். "இதுக்குள்ள எத்தனை போட்டா போதும்ப்பா?"

சதீஸ்குமாரின் மனசுக்குள் ஒரு எண் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அந்த நிமிஷம்தான் அவனுக்குத் தெரிந்தது. பாவி, பத்து வயசுப் பிள்ளையைப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அப்பா செஞ்சது பிழைம்மா. இன்னைக்கு நீ எங்கயும் போக வேணாம். அந்த மாதிரித் தாளை எடு. நான் எழுதுறேன், நீ திருத்து."

"நீங்களா?"

"நான்தான். அழிரப்பர் கிடையாது. தெரியாததை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரணும். ஒரு மணித்தியாலம்."

நேரம் பார்க்க மனைவி ஜெயந்தினி கோப்பியோடு வந்து கதவில் சாய்ந்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். படங்களில் வித்தியாசமானது எது என்ற கேள்வியிலேயே சதீஸ்குமாருக்கு வேர்த்துவிட்டது. மலை வளைவில் பஸ்ஸை முந்துகிற மனிதன் பென்சிலைக் கடித்தான்.

சாம்பவி சிவப்புப் பேனையை முதலில் தயங்கித் தயங்கித்தான் பிடித்தாள். நாலு கேள்வி தாண்டியதும் டீச்சராகவே மாறிவிட்டாள். "என்னப்பா இது, வண்டி ஓட்டுறீங்க, கிழக்கு மேற்குத் தெரியாதா?"

"எனக்கு ரோடுதாம்மா தெரியும்."

நாற்பதில் ஒன்பது பிழை, பதினொன்று விட்டது. பிள்ளை சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு. சதீஸ்குமார் அந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். "சாமி பார்த்துச் சிரிக்கப் போவுது" என்றாள் ஜெயந்தினி.

அடுத்த நாளிலிருந்து சாம்பவியும் அதே சட்டத்தில் எழுதினாள். முதல் நாள் கை தானாக அழிரப்பரைத் தேடியது. அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஒரு மூச்சு அழுதாள். மூன்றாம் நாள் இரண்டு கேள்வியை விட்டுத் தாண்டினாள். ஐந்தாம் நாள் திரும்பவும் வாந்தி. ஒரேயடியாகச் சுகமாகிவிட இது சளித் தடிமனா என்ன? ஆனால் அன்றைக்கும் வாயைக் கழுவிக்கொண்டு வந்து தாளைக் கடைசிவரை முடித்தாள்.

பேனரை எரித்துவிடலாம் என்றான் சதீஸ்குமார். "கெட்டியான சாமான், வீசாதீங்க" என்று ஜெயந்தினி முற்றத்தில் விரித்து மிளகு காயப்போட்டாள். அவள் கவிழ்த்துத்தான் விரித்தாள். சாம்பவிதான் படத்தை மேலே திருப்பிவிட்டு, முதல் பிடி மிளகை வெள்ளைக் கட்டத்தில் கொட்டினாள்.

சோதனை முடிந்த பகல், பள்ளிக்கூட வாசலில் தாய்தகப்பன்மார் முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளையையும் பிடித்து, அதுக்கு என்ன எழுதின, இதுக்கு என்ன எழுதின என்று ஒரே விசாரணை. சாம்பவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டு தாளும் முடிச்சுட்டேன்ப்பா. மூணு கேள்வி தெரியல, விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். எந்த மூன்று என்ற கேள்வி சதீஸ்குமாருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்த மூன்று கிழமையில் அவன் எழுதிய கஷ்டமான சோதனை அதுதான். எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"பசிக்குதா?"

சாம்பவி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறு கேள்வி ஒன்றும் வரவில்லை என்றதும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க பதினொன்னு விட்டீங்க" என்றாள். "எனக்கு ரோல்ஸ் வேணும்ப்பா. ரெண்டு."